வேலையற்ற இளைஞர்களும் வேலையின் பொருளும்

(இளைஞர் அரங்க ஊழியர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வேலையின்மையைப் பற்றிப் பேசாத மாநாட்டுத் தீர்மானம் கிடையாது. விழுக்காடுகள் அடுக்கப்படுகின்றன, அரசு கண்டிக்கப்படுகிறது, காலிப் பணியிடங்களை நிரப்பு என்ற முழக்கம் எழுகிறது. இவை யாவும் தேவையே. ஆயினும் ஒரு கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலேயே போகிறது. படிப்பை முடித்து, வேலை கிடைக்காமல், வீட்டில் இருக்கும் 23 வயது இளைஞன் வேலை என்று எதைக் கேட்கிறான்? அதே வயதுப் பெண் எதைக் கேட்கிறாள்? கூலியை மட்டும்தானா? இதற்கு விடை காணாமல் அவர்களிடம் செல்லும் இயக்கம், துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். அவ்வளவுதான் நடக்கும்.

எண்ணிக்கையில் வருவோரும் வராதோரும்

முதலில் கணக்கைப் பார்க்கலாம். 2017-18ஆம் ஆண்டுக்கான காலமுறை உழைப்பாளர் ஆய்வு, நாட்டின் வேலையின்மை விகிதம் 6.1 விழுக்காடு என்று கண்டது. 45 ஆண்டுகளில் இல்லாத அளவு அது என்ற செய்தி 2019 ஜனவரியில் நாளேட்டில் கசிந்தது. அறிக்கையை வெளியிடாமல் அரசு இழுத்தடித்ததால் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர் இருவர் பதவி விலகினர். மக்களவைத் தேர்தல் முடிந்து, புதிய அமைச்சரவை பதவியேற்றதற்கு மறுநாள், மே 31 அன்றுதான் அறிக்கை அதிகாரபூர்வமாக வெளிவந்தது.

2023-24இல் இந்த விகிதம் 3.2 ஆகக் குறைந்துவிட்டது என்று ஒன்றிய அரசு மார்தட்டுகிறது. 15 முதல் 29 வயது வரையுள்ள இளைஞர்களிடையே அது 10.2 என்பதை அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. குறைந்ததாகக் கூறப்படும் கணக்கின் உட்புறம் என்ன இருக்கிறது? 'வழக்கமான நிலை' எனும் அந்த அளவுகோலின்படி, ஆண்டில் 30 நாட்கள் துணைத்தொழில் செய்தவரும் வேலையில் இருப்பவரே. 'வாராந்திர நிலை' எனும் இன்னோர் அளவுகோலின்படி, வாரத்தில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தால் போதும். 2022-23இல் வேலையில் உள்ளோராகக் கணக்கிடப்பட்டவர்களில் 57.3 விழுக்காட்டினர் சுயதொழில் செய்வோர். அவர்களுக்குள் அடங்கியவர்களே, மொத்தத்தில் 18.3 விழுக்காடாக உள்ள, குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுவோர். வேறு வழியின்றித் தந்தையின் பெட்டிக்கடையில் அமர்ந்திருக்கும் பட்டதாரி மகனும், வீட்டு மாடுகளைப் பராமரிக்கும் மகளும் அரசின் ஏட்டில் வேலை பெற்றவர்கள். அவர்களைக் கேட்டால், இன்னும் வேலை தேடிக்கொண்டிருப்பதாகவே சொல்வார்கள்.

இந்தக் கணக்குக்கு வெளியே இன்னொரு பெருங்கூட்டம் இருக்கிறது. கல்வியில் இல்லை, வேலையில் இல்லை, பயிற்சியிலும் இல்லை என்று மூன்று 'இல்லை'களால் குறிக்கப்படும் இளைஞர்கள் அவர்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித வளர்ச்சி நிறுவனமும் இணைந்து 2024 மார்ச்சில் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் இளம் ஆண்களில் 9.8 விழுக்காட்டினரும், இளம் பெண்களில் 48.4 விழுக்காட்டினரும் இந்த நிலையில் இருந்தனர். அதாவது, ஏறத்தாழ இரு இளம் பெண்களில் ஒருவர்.

அதே அறிக்கை மற்றோர் உண்மையையும் சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4 விழுக்காடு, பட்டதாரி இளைஞர்களிடையே 29.1 விழுக்காடு. படித்தவர்கள் சோம்பேறிகள் என்பது இதன் பொருளன்று. நாளைய அரிசிக்கு இன்றே உழைக்க வேண்டியவரால் வேலையற்றவராக இருக்கவே முடியாது, கிடைத்ததைச் செய்கிறார். நிலத்தை அடகு வைத்தோ, நகையை விற்றோ, கடன் வாங்கியோ பிள்ளையைப் படிக்க வைத்த குடும்பம் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்புதான் 29.1 என்ற எண்ணாகத் தெரிகிறது.

காத்திருப்பவரின் நாட்கள்

பிரயாக்ராஜின் சலோரி, பாட்னாவின் முசல்லாபூர், தில்லியின் முகர்ஜி நகர் ஆகிய பகுதிகளில் சின்னஞ்சிறு அறைகளில் தங்கிப் போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞர்கள் நெருக்கமாக வாழ்கிறார்கள். ஊரிலிருந்து அரிசியும் மாவும் வரும். ஆண்டுகள் போகும். விண்ணப்பம், தேர்வு, ஒத்திவைப்பு, வினாத்தாள் கசிவு, வழக்கு, மறுதேர்வு என்று வாழ்க்கை தேதிகளாக நகரும். 2024 பிப்ரவரியில் உத்தரப்பிரதேசக் காவலர் தேர்வில் 60,244 இடங்களுக்கு 48 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். வினாத்தாள் கசிந்ததால் தேர்வே ரத்தானது. 2015இல் அதே மாநிலத் தலைமைச் செயலகத்தின் 368 கடைநிலை ஊழியர் பணியிடங்களுக்கு 23 லட்சம் விண்ணப்பங்கள் குவிந்தன. விண்ணப்பித்தவர்களில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 255 பேர்.

2022 ஜூலையில் ஒன்றிய அரசு மக்களவையில் அளித்த பதிலின்படி, 2014 முதல் எட்டு ஆண்டுகளில் ஒன்றிய அரசுப் பணிகளுக்கு வந்த விண்ணப்பங்கள் 22.05 கோடி, பணியமர்த்தப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 7.22 லட்சம் பேர். அதே அரசு கொடுத்த மற்றொரு கணக்கின்படி, 2021 மார்ச் 1 அன்று ஒன்றிய அரசுத் துறைகளில் காலியாகக் கிடந்த இடங்கள் 9.79 லட்சம். இடமும் இருந்தது, ஆளும் இருந்தனர். இரண்டுக்கும் நடுவே கதவை மூடி வைத்தது அரசின் கொள்கை.

மீரட் நகரில் இத்தகைய படித்த இளைஞர்களிடையே ஆய்வு செய்த கிரெய்க் ஜெஃப்ரி என்ற அறிஞர், 2010இல் வெளியான தம் நூலுக்கு 'டைம்பாஸ்' என்றே பெயரிட்டார். தேநீர்க்கடை முனையில் நிற்கும் இளைஞர்கள் தங்கள் நாட்களுக்குத் தாங்களே சூட்டிய பெயர் அது. தமிழிலும் அச்சொல் அப்படியே வழங்குகிறது. அதைச் சொல்பவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் வயது வரம்பு நெருங்குகிறது என்ற கணக்கு அவருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

கூலிக்கு அப்பால்

வேலை பறிபோனால் மனிதரிடமிருந்து கூலியோடு சேர்ந்து வேறு எவையெல்லாம் பறிபோகின்றன என்பதை முதன்முதலில் கூர்ந்து ஆராய்ந்தவர்களில் சிலர் ஆஸ்திரிய சோஷலிஸ்டுகள். வியன்னாவுக்கு அருகில் மரியந்தால் என்றொரு ஆலைக் கிராமம். உலகப் பெருமந்தத்தின் தொடக்கத்தில் அதன் ஜவுளி ஆலை மூடப்பட்டது, ஊரே வேலையிழந்தது. மேரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கு மேற்கொண்ட ஆய்வு 1933இல் நூலாக வந்தது.

கட்டாய ஓய்வு கிடைத்த தொழிலாளர்கள் அதிகம் படிப்பார்கள், அதிகம் கூடுவார்கள், அதிகம் போராடுவார்கள் என்று எவரும் எதிர்பார்க்கலாம். நேர்மாறாக நடந்தது. நூலகத்தில் கட்டணம் எடுக்கப்பட்ட பின்னும் புத்தகம் எடுப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கட்சிப் பத்திரிகை வாங்குவது சரிந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்தது. அடிக்கடி நின்று நின்று போனார்கள். பலர் கைக்கடிகாரம் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டார்கள். அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது அவர்களால் மூன்று நான்கு செயல்களுக்கு மேல் சொல்ல முடியவில்லை. எங்கும் போக வேண்டியதில்லை என்றான பிறகு பொழுதும் கைவிட்டுப் போயிற்று.

இந்த அனுபவத்திலிருந்து யஹோடா பின்னாளில் ஒரு முடிவுக்கு வந்தார். வேலை, ஊதியத்துக்கு அப்பால், நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது; குடும்பத்துக்கு வெளியே மனிதர்களைத் தருகிறது; பலர் சேர்ந்து ஒன்றைச் செய்து முடிப்பதில் பங்கைத் தருகிறது; சமூகத்தில் இன்னார் என்ற அடையாளத்தைத் தருகிறது; கைக்கும் மூளைக்கும் இயக்கத்தைத் தருகிறது.

இவற்றை இந்தியக் கிராமத்தில் வைத்துப் பார்த்தால் பொருள் இன்னும் கடுமையாகிறது. வேலையில்லாதவனை இந்தியில் 'நிகம்மா' என்பார்கள். தமிழில் 'தண்டச்சோறு' என்ற சொல் இருக்கிறது. உண்ணும் சோற்றையே குற்றமாக்கும் சொல் இது. அவனுக்குத் திருமணப் பேச்சு தள்ளிப்போகிறது. வீட்டு விவகாரங்களில் அவன் சொல் எடுபடுவதில்லை. உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் முதல் கேள்வி 'என்ன செய்கிறாய்' என்பதுதான். அதற்கு அஞ்சியே போகாமல் இருந்துவிடுகிறான். வயதால் பெரியவனாகியும் ஊராரின் கண்ணில் பெரியவனாகாமல் நிற்கும் நிலை அது.

அரசு வேலைக்கு ஏன் இத்தனை ஏக்கம் என்று நகரத்து அறிவுரையாளர்கள் கேலி செய்வதுண்டு. அவர்கள் சாதியை மறந்துவிடுகிறார்கள். நிலமற்ற தலித் குடும்பத்துக்கு அரசு வேலை மாதச் சம்பளம் தரும். அதைவிட, ஊர்ப் பண்ணையாரிடம் கைகட்டி நிற்காத வாழ்க்கையைத் தரும். இட ஒதுக்கீடு செல்லுபடியாகும் இடமும் அரசுப் பணிதான். பொதுத்துறை விற்கப்படும்போதும், நிரந்தரப் பணி ஒப்பந்தப் பணியாகும்போதும், அந்த வாசல் ஓசையின்றிச் சாத்தப்படுகிறது. 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் அம்பேத்கர், வேலையற்றவருக்கு அடிப்படை உரிமைகளால் என்ன பயன் என்ற கேள்வியை எழுப்பினார். பிழைப்புக்காக உரிமைகளையே விட்டுக்கொடுக்கும் நிலைக்கு மனிதர் தள்ளப்படுவார் என்பது அவர் வாதம். 2024 ஜனவரியில் அது கண்ணெதிரே தெரிந்தது. காஸாவில் போர் நடந்துகொண்டிருந்தபோது, இஸ்ரேலில் கட்டுமான வேலைக்கு ஆளெடுக்கும் இடங்களில், ரோதக்கிலும் லக்னோவிலும், ஹரியானா, உத்தரப்பிரதேச இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். ஆபத்து தெரியாமல் நின்றவர்கள் அல்லர். போரைவிட வேலையின்மையை அஞ்சி நின்றவர்கள்.

'சும்மா இருக்கும்' பெண்

உத்தியோகம் புருஷ லட்சணம் என்ற பழமொழி வேலையில்லாத ஆணை அவமதிக்கிறது; பெண்ணை அது கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. மூன்று 'இல்லை'களுக்குள் அடைபட்ட பெண்களைக் கேட்டால் 'வீட்டில் சும்மா இருக்கிறேன்' என்பார்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வோ வேறு கதை சொல்கிறது. ஊதியமற்ற வீட்டுவேலை செய்யும் பெண் அதற்கு ஒரு நாளில் செலவிடும் நேரம் 299 நிமிடங்கள். வீட்டுவேலை செய்யும் ஆண் செலவிடுவது 97 நிமிடங்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் உழைப்பவர் சும்மா இருப்பவராகப் பதிவாகிறார்.

மரியந்தால் பெண்களும் ஓய்ந்திருக்கவில்லை. வீட்டுவேலை அவர்கள் நாளை நிரப்பியது. அப்படியிருந்தும், ஆலை திறந்தால் மீண்டும் போவோம் என்றே அவர்கள் கூறினர். பணம் மட்டும் அதற்குக் காரணமாக இருக்கவில்லை. ஆலை அவர்களுக்கு வீட்டின் சுவர்களுக்கு அப்பால் ஓர் உலகைக் கொடுத்திருந்தது. பி.எஸ்சி. முடித்து வரன் பார்க்கும் காலம் வரை வீட்டில் வைக்கப்பட்டிருக்கும் இந்தியப் பெண்ணுக்கும் வேலையின் பொருள் அதுவே. தன் கையில் காசு, தன் பெயரில் ஓர் அடையாள அட்டை, தான் தேர்ந்தெடுத்த தோழமை, திருமணத்துக்குச் சற்றுக் கூடுதல் அவகாசம், வேண்டாம் என்று சொல்லும் துணிவு. அந்தப் பெண்ணை வேலை தேடுவோர் பட்டியலில் சேர்க்காமல் விடுவது அரசின் குற்றம் மட்டுமன்று. கட்சிக் கிளைகளின் பட்டியல்களிலும் அவர் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை.

இங்கே கேரளத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். அப்போது இடதுசாரிகள் ஆண்ட அம்மாநிலத்தில் 2023-24இல் இளைஞர் வேலையின்மை 30 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. நாட்டிலேயே மிக உயர்ந்த மாநிலங்களுள் அது ஒன்று. படித்த பெண்கள் அங்கு 'வேலை தேடுகிறேன்' என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். பிற மாநிலங்களில் அதே நிலையிலுள்ள பெண்கள் 'வீட்டுவேலை' என்ற கட்டத்துக்குள் மறைந்துவிடுகிறார்கள் என்பது ஒரு விளக்கம். சரியான விளக்கமும்கூட. ஆனால் அதைச் சாக்காகக் கொண்டு ஓய்ந்துவிட முடியாது. கல்வி கொடுத்த எதிர்பார்ப்புக்கு ஈடான வேலையைக் கட்டியெழுப்புவது மாநில அரசின் வரம்புகளுக்குள்ளும் ஒரு பொறுப்பே.

ஆளுவோரின் பதில்கள்

பக்கோடா விற்பதும் வேலைவாய்ப்புத்தானே என்று 2018 ஜனவரியில் பிரதமர் பேட்டியில் கேட்டது நினைவிருக்கும். 2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டம், 17½ வயதில் சேரும் இளைஞரை நான்கு ஆண்டுகளுக்குப் பின் நான்கில் மூவர் என்ற கணக்கில் வெளியே அனுப்புகிறது. அதிகாலையில் மைதானத்தில் ஓடிப் பயிற்சி எடுத்துவந்த பீகார் இளைஞர்கள் ஏன் கொதித்தெழுந்தார்கள் என்பதற்கு ஊதியக் கணக்கு மட்டும் விடையாகாது. வாழ்நாள் முழுதும் தாங்கும் என்று நம்பிய அடையாளம் நான்கு ஆண்டுக் குத்தகையாகிவிட்டது என்பதே அந்தக் கோபத்தின் மையம்.

2024 ஜூலை நிதிநிலை அறிக்கை, 500 பெருநிறுவனங்களில் ஐந்தாண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்கு ஓராண்டு உள்ளகப் பயிற்சி என்று அறிவித்தது. அறிவிக்கப்பட்டபோது, 21 முதல் 24 வயது வரையுள்ள, முழுநேர வேலையிலும் கல்வியிலும் இல்லாதவர்களுக்கான திட்டமாக அது இருந்தது. அப்போது அறிவிக்கப்பட்ட தொகை மாதம் 5,000 ரூபாய். அதில் 4,500 அரசின் பணம். பயிற்சிக்குப் பின் வேலை தர நிறுவனத்துக்குக் கடமை எதுவும் இல்லை.

இந்தத் திட்டங்கள் அனைத்துக்கும் அடியில் ஒரே கருத்துதான் ஓடுகிறது: குறை இளைஞரிடம் இருக்கிறது, அவருக்குத் திறன் போதவில்லை, முனைப்பு போதவில்லை. 'மூலதனம்' முதல் தொகுதியில் மார்க்ஸ் இதற்கு விடையளித்துவிட்டார். வேலையற்றோரின் சேமப்பட்டாளம் மூலதனத்தின் திரட்சியிலிருந்தே பிறக்கிறது. பிறந்து, அத்திரட்சிக்கு நெம்புகோலாகவும் பயன்படுகிறது. வாசலில் நூறு பேர் நிற்கிறார்கள் என்பதைக் காட்டியே உள்ளே இருப்பவரின் சங்கத்தை உடைக்க முடிகிறது, எட்டு மணி நேரத்தைப் பன்னிரண்டாக்க முடிகிறது. நிதி ஆயோக் கணக்கின்படி 2020-21இல் 77 லட்சமாக இருந்த செயலிவழித் தொழிலாளர்களின் கூலி தாழ்ந்தே இருப்பதற்கும் அந்த வரிசையே துணை. எனவே வேலையில் இருப்பவரின் போராட்டமும் இல்லாதவரின் போராட்டமும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஏதோ ஒரு வேலை என்ற கோரிக்கையும் போதாது. மனிதரைத் தேய்த்து எறியாத வேலை என்பதே கோரிக்கை.

வெற்றிடம் நீடிப்பதில்லை

வறுமையும் வேலையின்மையும் தானாகவே இளைஞரைப் புரட்சியாளராக்கும் என்ற நம்பிக்கை சில தோழர்களிடம் இன்னும் இருக்கிறது. மரியந்தால் அதை மறுத்தது. அங்கே பெருகியது கோபத்தைவிடச் சோர்வே. பின்னர் ஆஸ்திரியாவில் ஜனநாயகம் ஒழிக்கப்பட்டது. யஹோடா 1936இல் சிறைப்பட்டு, அடுத்த ஆண்டு நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

சோர்ந்திருக்கும் இளைஞரை யாரும் அப்படியே விட்டுவைப்பதில்லை. மதவெறி அமைப்பு அவரைத் தேடி வருகிறது. ஊர்வலத்தில் முன்னால் நடக்கச் சொல்கிறது. கையில் ஒரு பொறுப்பைக் கொடுக்கிறது. மாலையில் போக ஓர் இடம், பெயர் சொல்லி அழைக்கும் பத்துப் பேர், எதிரி என்று காட்ட ஒருவர். வேலை தர வேண்டிய எல்லாவற்றின் போலியும் அங்கே கிடைக்கிறது. அந்த இளைஞரை வெறியர் என்று தள்ளிவிடுவது எளிது. அவருக்கு இல்லாமல் போனது எது என்று முதலில் கண்டுகொண்டவர்கள் எதிரிகள் என்பதை ஒப்புக்கொள்வதுதான் கடினம்.

செய்ய வேண்டியவை

கோரிக்கைகள் தெளிவானவை. அரசமைப்புச் சட்டத்தின் 41ஆவது பிரிவு வேலை பெறும் உரிமையை வழிகாட்டு நெறியாக மட்டுமே வைத்திருக்கிறது. நீதிமன்றத்தில் வழக்காடிப் பெறக்கூடிய அடிப்படை உரிமையாக அது மாற வேண்டும். அது முடியாத கனவன்று. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், விண்ணப்பித்த 15 நாட்களுக்குள் வேலை தராவிட்டால் படி தர வேண்டும் என்று எழுதியபோதே, வேலை சட்டப்படியான உரிமையாக முடியும் என்பது நிறுவப்பட்டது. நகரங்களுக்கும் அத்தகைய சட்டம் தேவை. காலிப் பணியிடங்கள் நிரந்தரப் பணிகளாக நிரப்பப்பட வேண்டும். தேர்வுகளுக்கு மீறக் கூடாத கால அட்டவணை வேண்டும். பயிற்சியாளருக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தொகை வேண்டும். குழந்தைகள் காப்பகமும் பாதுகாப்பான போக்குவரத்தும் விடுதியும் பெண்களின் வேலை உரிமையின் பகுதிகளாகவே கோரப்பட வேண்டும்.

கோரிக்கைகளை நிறைவேற்ற வேண்டியது அரசு. கிளைகள் செய்ய வேண்டியது வேறு. தங்கள் பகுதியில் வேலையற்ற இளைஞர்கள் யார் யார், என்ன படித்தார்கள், எத்தனை ஆண்டுகளாகக் காத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் எத்தனை கிளைகளிடம் இருக்கிறது? வீடு வீடாகச் சென்று அதை எழுத வேண்டும். பெண்களின் பெயர்களைப் பெண்களிடமே கேட்டு எழுத வேண்டும். உள்ளூர் அலுவலகங்களில் உள்ள காலியிடங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே திரட்டும் பணியை அந்த இளைஞர்களிடமே ஒப்படைக்கலாம். கட்சி அலுவலகங்கள் பல பகலில் பூட்டிக் கிடக்கின்றன. அவை படிப்பகங்களாகத் திறந்திருக்கலாம். கூட்டங்கள் இரவு ஒன்பது மணிக்கு நடந்தால் எந்த இளம் பெண் வருவார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வேலையற்றவருக்கு நேரம் இருக்கிறது என்பதாலேயே அவரைச் சுவரொட்டி ஒட்டவும் நாற்காலி போடவும் மட்டும் அழைக்கும் பழக்கம் இருக்கிறது. அது அவரைக் கூலியில்லாத எடுபிடியாக்கும். பட்டியல் தயாரிப்பதோ, வழக்குக்கான ஆவணம் திரட்டுவதோ, மாலை வகுப்பு எடுப்பதோ, அவர் செய்து முடித்து, செய்தவர் இவர் என்று பிறர் சொல்லக்கூடிய பணியைக் கொடுக்க வேண்டும். இயக்கத்தால் எல்லோருக்கும் வேலை தர முடியாது. நீ தேவைப்படுகிறாய் என்பதை உண்மையாகவே அவருக்குக் காட்ட முடியும்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் வேலையின்மை குறித்த தீர்மானம் வாசிக்கப்படும்போது, அந்த ஊரின் வேலையற்ற இளைஞர்களில், ஆணும் பெண்ணுமாக, எத்தனை பேர் அந்த அறையில் அமர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தீர்மானத்தின் வலிமை அந்த எண்ணிக்கையில் இருக்கிறது.